பழைய நெட்வொர்க் டிரைவரில் எந்த வரியை எடுக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

ஒரே நினைவகத்தை மூன்று தடவை பூஜ்யமாக்கிய டிரைவர் (நெட்வொர்க் சிப்பை இயக்கும் நிரல்) ஒன்று போன ஆண்டு என் கைக்கு வந்தது. முதலில் லினக்ஸ் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) பூஜ்யமாக்கித் தருகிறது. அடுத்த வரியில் டிரைவர் ஒரு மெம்செட் (நினைவகத்தை நிரப்பும் அழைப்பு) போடுகிறது. அதுவும் போதாதென்று பத்து வரி தள்ளி, ஒவ்வொரு ஃபீல்டாகப் பெயர் சொல்லி "= 0", "= நல்" (எதையும் சுட்டாத மதிப்பு) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் சொன்னது இவ்வளவுதான்: "புதுக் கர்னலுக்கு மாத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் துப்புரவு பண்ணிருங்க."

நான் குலசேகரத்தில் வீட்டில் இருந்தபடி வேலை பார்க்கிறேன். நிறுவனம் திருவனந்தபுரத்தில். இந்த டிரைவர் ஓடும் பெட்டி போய்ச் சேருவது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளுக்கு. பெட்டிக்குள் 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் சிப் ஒன்று. பிசிஐ வழியாக இணைந்தது. அங்கே கணவாய்க் காற்று ஏறிய பிறகு எதையாவது நிறுத்தச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. டிரைவர் தகராறு செய்தால் நான்தான் தக்கலை போய், நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஆரல்வாய்மொழியில் இறங்க வேண்டும். அதனால் துப்புரவு என்ற பெயரில் ஓடிக்கொண்டிருப்பதை உடைத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயம் இருந்தும் ஒரு தடவை உடைத்தேன். அது பின்னால் வரும்.

நிரல் வரிகளில் கை வைக்கும் முன் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்களை, புரோப், ஓப்பன், ஸ்டாப் (கார்டை நிறுத்தும்போது), ரிமூவ் (டிரைவர் கழலும்போது), டிஎக்ஸ் டைம்அவுட் (பாக்கெட் போகாமல் நின்றுவிட்டால்), ரெஸ்யூம் (உறக்க நிலையிலிருந்து எழும்போது) என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை தடவை நடக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். புரோப், சாதனத்தோடு டிரைவர் ஒட்டும்போது ஒரு தடவை. ஓப்பன், யாராவது "ஐபி லிங்க் அப்" (கார்டை இயக்கும் கட்டளை) கொடுக்கும் ஒவ்வொரு தடவையும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மாற்றினால், ஈதிடூல் கருவியில் ரிங் (பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும் வட்டப் பட்டியல்) அளவை மாற்றினால், பல டிரைவர்கள் தாமாகவே ஸ்டாப் செய்து மறுபடி ஓப்பன் ஆகும். டிஎக்ஸ் டைம்அவுட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இதை எழுதி முடித்ததும், இனிஷியலைஸ் செய்யும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று கிரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டு அம்புக்குறி இழுங்கள். என் டிரைவரில் ரிங்கைத் தயார் செய்யும் ஃபங்ஷனுக்கு மூன்று அம்பு வந்தது. அந்த மூன்று அம்பையும் தாளில் வரைந்தேன், ஆனால் சரியாகப் பார்க்கவில்லை.

சரி, இப்போது எளிதானதிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான வேண்டாத வரிகள், கர்னல் ஏற்கெனவே செய்து கொடுத்ததை டிரைவர் திரும்பச் செய்வதுதான். அதனால் கர்னல் என்ன செய்கிறது என்று நீங்களே மூலத்தைத் திறந்து படிக்க வேண்டும். நெட்வொர்க் டிரைவருக்குப் படிக்க வேண்டிய முதல் ஃபங்ஷன் அலாக்_ஈதர்டெவ். அது கடைசியில் அலாக்_நெட்டெவ்_எம்க்யூஎஸ்-க்குப் போய், நெட்_டிவைஸ் ஸ்ட்ரக்சரையும் (கர்னலில் ஒரு கார்டைக் குறிக்கும் தரவுக் கட்டு) உங்கள் டிரைவரின் சொந்தத் தரவுக்கான பிரைவேட் பகுதியையும் ஒரே துண்டாக, பூஜ்யமாக்கி வாங்கித் தருகிறது. எனவே அதற்குக் கீழே வரும்

மெம்செட்(பிரைவ், 0, சைஸ்ஆஃப்(*பிரைவ்));

என்ற வரியை எடுத்துவிடலாம். அதற்கும் கீழே வரும் "பிரைவ்->டிஎக்ஸ்_ஹெட் = 0" வகையறாக்களையும், புரோப்புக்குள் இருந்தால், எடுக்கலாம். இதே வரி ஓப்பனுக்குள் இருந்தால் அது வேறு கதை.

அதே அலாக்_ஈதர்டெவ் உள்ளுக்குள் ஈதர்_செட்டப்பையும் கூப்பிடுகிறது. எம்டியு 1500, ஹெடர் நீளம் 14, முகவரி நீளம் 6, டிஎக்ஸ் க்யூ நீளம் 1000, பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் கொடிகள், எல்லா பிட்டும் ஒன்றான பிராட்காஸ்ட் முகவரி எல்லாம் அங்கேயே நிரம்பிவிடும். என் டிரைவர் ஈதர்_செட்டப்பைத் தானும் ஒரு தடவை கூப்பிட்டு, அதற்குப் பிறகு எம்டியுவை 1500 என்றும் எழுதியிருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். ரொம்பப் பழைய கர்னல்களில் நெட்_டிவைஸை டிரைவரே ஸ்டேட்டிக்காக வைத்துக்கொண்டு, ஈதர்_செட்டப்பைத் தானே கூப்பிட வேண்டியிருந்தது. அந்தக் காலத்து டிரைவரைப் பார்த்து ஒருவர் நகலெடுக்க, அவரைப் பார்த்து இன்னொருவர் எடுக்க, அப்படியே வந்து சேர்ந்த வரி அது.

இங்கே ஒரு கவனம். ஈதர்_செட்டப் மேக்ஸ்_எம்டியுவையும் 1500 என்றே வைக்கும். உங்கள் சிப் ஜம்போ ஃபிரேம் (1500-ஐவிடப் பெரிய பாக்கெட்) தாங்கும் என்றால் டிரைவர் அந்த எண்ணைக் கூட்டி எழுதியிருக்கும். "எம்டியு எல்லாம் கர்னலே வைக்குது" என்ற வேகத்தில் அதையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். டிரைவரே கூப்பிடும் ஈதர்_செட்டப்பை எடுக்கும்போதும், அதற்கு மேலே டிரைவர் எழுதிய எதையாவது அது அழித்துக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். எடுத்த பிறகு அந்த மேல்வரி முதல் தடவையாக உயிர்பெறும்.

பாக்கெட் போகாமல் நின்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சொல்லும் வாட்ச்டாக்_டைமியோவுக்கு ஐந்து வினாடி என்று பல டிரைவர்கள் எழுதும். எழுதாவிட்டாலும், டைம்அவுட் ஹேண்ட்லர் இருந்தால் கர்னல் அதே ஐந்து வினாடியைத்தான் எடுத்துக்கொள்ளும். கணக்குப்படி பார்த்தால் இதுவும் வேண்டாத வரிதான். நான் விட்டுவிட்டேன். அடுத்து படிப்பவருக்கு அந்த எண் கண்ணில் படுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. உங்கள் குழு வேறு மாதிரி நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம், சண்டை போடும் அளவுக்கு விஷயமில்லை.

சின்னச் சின்னவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டிக் மாறிகளுக்கு "= 0" வேண்டாம், கர்னல் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் நிரலே கத்தும். எடுத்ததும் முன்னும் பின்னும் ஆப்ஜெக்ட் ஃபைலை ஆப்ஜ்டம்ப் (கட்டளைகளைப் பிரித்துக் காட்டும் கருவி) போட்டு டிஃப் எடுத்தால் கட்டளைகளில் மாற்றமே இருக்காது. ஜிசிசி கம்பைலர் அதை ஏற்கெனவே, தொடக்கத்தில் பூஜ்யமாகும் பிஎஸ்எஸ் பகுதியில்தான் வைத்துக்கொண்டிருந்தது. ரிமூவ் ஃபங்ஷனில் பிசிஐ_செட்_டிரைவ்டேட்டாவுக்கு நல் கொடுப்பது வேண்டாம். டிரைவர் கழன்றதும் அதை நல் ஆக்கும் வேலையை 2012-இல் வந்த 3.6 கர்னலிலிருந்து கர்னலின் டிவைஸ் கோர் பகுதியே செய்கிறது. பிளாட்ஃபார்ம் டிரைவர் என்றால் ஓனர் என்ற இடத்தில் திஸ்_மாட்யூல் எழுத வேண்டியதில்லை, பதிவு செய்யும் மேக்ரோவே நிரப்பிவிடும். சிப்பும் செயலியும் பகிர்ந்துகொள்ள டிஎம்ஏ_அலாக்_கோஹிரண்ட் கொடுக்கும் நினைவகம், 2019-இல் வந்த 5.0 முதல், எல்லா ஆர்க்கிடெக்சரிலும் (செயலி வகையிலும்) பூஜ்யமாகவே வரும். இங்கே உங்கள் கர்னல் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர்டோடு வந்த 4.x கர்னலில் உட்கார்ந்துகொண்டு இந்த வரியை எடுத்தால் சில ஆர்க்கிடெக்சர்களில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபங்ஷனுக்குள் வரும் "இன்ட் ரெட் = 0" மேலே சொன்னவை போலச் சின்ன விஷயம் இல்லை. சில இடங்களில் அது ஒரு பிழையை மூடி வைத்திருக்கும். என் புரோப்பில் இருந்தது இப்படி: ரெட் முதலில் பூஜ்யம். பிசிஐ சாதனத்தை எனேபிள் செய்வது வெற்றி, ரெட் இன்னும் பூஜ்யம். அடுத்து ரெஜிஸ்டர்களை மேப் செய்வது தோற்றால், ரெட்டில் எதுவும் எழுதாமல் நேரே பிழை லேபிளுக்கு கோடூ (தாவும் கட்டளை). அங்கே நெட்_டிவைஸை விடுவித்துவிட்டு ரெட்டைத் திருப்பித் தருகிறது. அதாவது பூஜ்யத்தை, வெற்றி என்று. கர்னலும் நம்பிக்கொள்ளும். பிறகு ஆர்எம்மாட் (டிரைவரைக் கழற்றும் கட்டளை) கொடுக்கும் நாளில், விடுவித்த நினைவகத்தை ரிமூவ் தொடும்.

இந்த "= 0"-வை எடுத்துவிட்டு கம்பைல் செய்தால், மதிப்பே வாங்காத பாதை இருக்கிறதா என்று கம்பைலர் சொல்லும். ஆனால் 5.7 கர்னல் முதல் ஜிசிசியின் மேபீ-அன்இனிஷியலைஸ்டு எச்சரிக்கையைக் கர்னல் இயல்பாக அணைத்து வைத்திருக்கிறது. கம்பைல் செய்யும்போது டபிள்யூ=2 கொடுத்தால்தான் வரும், கூடவே குப்பையும் கொட்டும். எல்எல்விஎம்=1 கொடுத்து கிளாங் என்ற வேறொரு கம்பைலரில் ஒரு தடவை கட்டிப் பாருங்கள். இந்த விஷயத்தில் அது சொல்வது தெளிவாக இருக்கிறது. என்னுடைய கதையில் முதல் எனேபிள் அழைப்பே ரெட்டில் பூஜ்யத்தை எழுதிவிடுவதால் கம்பைலர் வாயே திறக்கவில்லை. கோடூ ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணித்தான் கண்டுபிடித்தேன். ஆறு கோடூவில் இரண்டு இப்படி. அவற்றைத் துப்புரவு பேட்ச்சில் (மாற்றத் தொகுப்பில்) சேர்க்கவில்லை. பிழைத் திருத்தமாகத் தனியே, முதலாவதாக வைத்தேன்.

வேலையை வேகப்படுத்த, நிரலில் இப்படிப்பட்ட வடிவங்களைத் தேடும் காக்ஸிநெல் என்ற கருவி உண்டு. "மேக் காக்ஸிசெக்" என்று கொடுத்து, மோடை ரிப்போர்ட் ஆக்கி, எம்= என்பதில் உங்கள் டிரைவர் டைரக்டரியைக் காட்டினால், கேமலாக்குக்கு (நினைவகம் வாங்கும் ஃபங்ஷன்) பின் மெம்செட், வேண்டாத ஓனர் போன்றவற்றை அதுவே பட்டியல் போடும். சி=1 கொடுத்தால் ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியும் ஓடும். அவை காட்டுவதை அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு தடவை நடக்கிறது என்று கருவி சொல்லும். எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதை நீங்கள்தான் தாளில் பார்க்க வேண்டும்.

இனி, தொடக் கூடாதவை.

புரோப்பில் வரும் நெட்இஃப்_கேரியர்_ஆஃப் (கேரியர், அதாவது லிங்க், இல்லை என்று கர்னலுக்குச் சொல்லும் அழைப்பு). "இன்னும் லிங்க்கே வரலையே, எதுக்கு ஆஃப்?" என்று தோன்றும். புதிதாக அலாக் செய்த நெட்_டிவைஸில் கேரியர் இல்லை என்பதைச் சொல்லும் பிட்தான் இருக்கிறது, அதுவும் பூஜ்யமாக. அதாவது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கேரியர் இருக்கிறது என்று பொருள். கேபிளே செருகாத பெட்டி லிங்க் இருப்பதாகக் காட்டும். எல்லாம் பூஜ்யம் என்றால் எல்லாம் அணைந்திருக்கிறது என்று நினைக்கும் நம் பழக்கம் இங்கே காலை வாரும்.

அடுத்தது, படித்துவிட்டு யாரும் பயன்படுத்தாத ரீட்எல் (சிப்பின் ரெஜிஸ்டரைப் படிக்கும் அழைப்பு). என் டிரைவரில் "டம்மி = ரீட்எல்(...)" என்று இருந்தது. டபிள்யூ=1 கொடுத்தால், டம்மியில் எழுதுகிறாய், படிக்கவில்லை என்று கம்பைலர் முறையிடும். மாறியை மட்டும் எடுங்கள், ரீட்எல்லை விடுங்கள். பிசிஐயில் எழுதுவது உடனே சிப்பைச் சேரும் என்ற உறுதி இல்லை, வழியில் தங்கலாம். அதே சாதனத்திலிருந்து ஒன்றைப் படித்தால் எழுதியது போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வரும். ரீசெட் பிட்டை எழுதி, 10 மில்லிவினாடி காத்திருக்கும் நிரலின் நடுவே ஒரு ரீட்எல் இருப்பது அதற்குத்தான். அது போனால் காத்திருப்பு தொடங்கும்போது ரீசெட் இன்னும் வழியில் இருக்கலாம். சில சிப்புகளில் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தாலே அது அழியும்; அங்கேயும் படிப்பதுதான் வேலை. ஒரே ரெஜிஸ்டரில் ஒரே மதிப்பை இரண்டு தடவை எழுதியிருந்தாலும், டேட்டாஷீட்டும் எர்ராட்டாவும் (சிப்பின் பிழைப் பட்டியல்) பார்க்காமல் எடுக்காதீர்கள். கிட் பிளேம் (எந்த வரி யாரால், எப்போது வந்தது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். இரண்டாவது வரி தனியாக, வேறொரு நாளில், அவசர கமிட்டாக வந்திருந்தால் யாரோ எங்கேயோ அடிபட்டிருக்கிறார்கள்.

இப்போது நான் உடைத்த கதை.

டிஎக்ஸ் (அனுப்பும்) ரிங்கில் 64 டிஸ்கிரிப்டர் (ஒரு பாக்கெட் எங்கே இருக்கிறது என்று சிப்புக்குச் சொல்லும் குறிப்பு), ஒவ்வொன்றும் 16 பைட்டு. மொத்தம் 1,024 பைட்டை புரோப்பில் டிஎம்ஏ_அலாக்_கோஹிரண்ட் மூலம் வாங்குகிறது, அங்கே ஒரு மெம்செட். ஓப்பன் கூப்பிடும் ரிங் தயாரிப்பு ஃபங்ஷனில் இன்னொரு மெம்செட். என்னோடு வேலை பார்க்கும் கருங்கல் தம்பி ஒருவன் ஃபோனில் கேட்டான்: "அக்கா, ரெண்டுமே வேண்டாம்லா? சீரோவாத்தானே வருது." நானும் ஆமாம் என்று இரண்டையும் எடுத்தேன். மேஜையில் எல்லாம் ஓடியது. ஏன் ஓடாது, பெட்டியை ஆன் செய்தால் ஓப்பன் ஒரே ஒரு தடவைதான்.

முப்பந்தலில் ஒரு பெட்டியின் கேபிளை யாரோ கழற்றி மாட்டினார்கள். லிங்க் இல்லாத நேரத்தில் ரிங்கில் பாக்கெட்டுகள் தேங்கின. ஒவ்வொரு டிஸ்கிரிப்டரிலும் ஓன் பிட் ஒன்று, "இது சிப்பின் பொறுப்பு" என்று. பெட்டியில் ஒரு ஸ்கிரிப்ட் உண்டு: மூன்று பிங் தோற்றால் லிங்க்கை டவுன் செய்து அப் செய்யும். செய்தது. டிரைவர் தன் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது, சிப்பும் ரீசெட் ஆகிப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. முதல் ஐந்து பாக்கெட் ஒழுங்காகப் போயிற்று. ஆறாவது இடத்தில் பழைய ஓன் பிட் ஒன்றாகவே கிடந்தது. டிரைவர் அங்கே எதுவும் வைக்கும் முன்பே சிப் அதை எடுத்து, எப்போதோ விடுவித்த பஃபரை லைனில் அனுப்பிவிட்டு, அடுத்து, அடுத்து என்று தேங்கியதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னே போய் நின்றுகொண்டது. அதன் பிறகு டிரைவர் ஆறாவது இடத்தில் புதுப் பாக்கெட்டை வைத்தால் சிப் அங்கே இல்லை. மூன்று பிங் தோல்வி. ஸ்கிரிப்ட் மறுபடி டவுன், அப். அந்த மூன்று பிங் பாக்கெட்டும் ஓன் பிட்டோடு ரிங்கில் அப்படியே கிடக்க, மறுபடி ஐந்து போகும், அப்புறம் தொங்கும். இரவு முழுக்க இதே ஆட்டம். எதிர்முனையில் டிசிபிடம்ப் (வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தபோதுதான் பழைய பாக்கெட்டுகளின் குப்பை கண்ணில் பட்டது.

அன்றைக்கு இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அதிகாலை அப்பா பால்வெட்டுக்குக் கிளம்பினார். தூக்கம் வராமல் நானும் கூடப் போனேன். ரப்பர் மரத்தில் பால் விழுவதற்குச் சிரட்டை கட்டியிருக்கும். அப்பா ஒவ்வொரு சிரட்டையிலும் முந்தைய வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை விரலால் சுரண்டிச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் மரத்தில் கத்தியை வைப்பார். ஒரு மரத்தில் சுரண்டவில்லை. ஏனென்று கேட்டேன். "அது நேத்து கட்டின புதுச் சிரட்டை மக்களே, அதுல என்ன இருக்கு?" நான் நின்ற இடத்திலேயே ஃபோனை எடுத்துத் தம்பிக்கு எழுதினேன்: புரோப்பில் உள்ளது போகட்டும், ஓப்பனில் உள்ளது திரும்ப வேண்டும்.

ரிங் தயாரிப்பு ஃபங்ஷனில் மெம்செட் இப்போது மேலே ஒரு குறிப்போடு இருக்கிறது: "ரிங் நினைவகம் புரோப்பில் ஒரு தடவைதான் வாங்கப்படுகிறது, ஓப்பன், டைம்அவுட், ரெஸ்யூம் மூன்றும் இங்கே வரும், பழைய ஓன் பிட்டை அழிக்க வேண்டும்."

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பூட்டு, பின்னணி வேலை, டைமர் ஆகியவற்றைத் தயார் செய்யும் ஸ்பின்_லாக்_இனிட், இனிட்_வொர்க், டைமர்_செட்டப் ஆகியவை ஓப்பனில் இருந்தால் புரோப்புக்கு நகர்த்துங்கள். க்யூவில் காத்திருக்கும் ஒரு வொர்க்கை மறுபடி இனிட் செய்தால் கர்னலின் பட்டியலே அறுந்துபோகும். எடுப்பதா வைப்பதா என்று மட்டும் யோசிக்காமல் இடம் மாற்றவும் யோசிக்க வேண்டியது இவற்றுக்குத்தான்.

சோதனைக்கு வருவோம். ஒரு லூப் எழுதி டவுன், அப் 200 தடவை. நடுநடுவே பிங், ஐபெர்ஃப் (வேகச் சோதனை). பாக்கெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே டவுன் கொடுங்கள், கேபிளைக் கழற்றிவிட்டும் கொடுங்கள். ஆர்எம்மாட், மாட்புரோப் (டிரைவரை ஏற்றும் கட்டளை) ஒரு ஐம்பது தடவை. கர்னலில், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் காசானும் டிஎம்ஏ ஏபிஐ டீபக்கும் போட்டுக் கட்டுங்கள். இன்னொன்று முக்கியம்: இனிட்_ஆன்_அலாக் என்ற வசதி ஆன் ஆகியிருந்தால், கர்னல் எல்லா அலாக்கேஷனையும் பூஜ்யமாக்கிக் கொடுத்து உங்கள் தவறை மறைத்துவிடும். பூட் வரியில் அதற்கு 0 கொடுத்து, ஸ்லப்_டீபக்=பி சேருங்கள். அப்போது கேமலாக்கில் வாங்கிய, நீங்கள் எழுத மறந்த இடத்தில் 6பி 6பி 6பி என்று கிடக்கும். பிழை ஒளிய முடியாது. போர்டு கையில் இல்லாதவர்கள் க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் ஆர்டிஎல்8139 கார்டை வைத்து 8139சிபி டிரைவரில் இந்தப் பயிற்சி முழுவதையும் செய்யலாம். ஜூன் மழையில் கரண்ட் போகும் எங்கள் ஊரில் லேப்டாப் பேட்டரியே போதும்.

பேட்ச்சைப் பிரிக்கும்போது ஒரு காரணத்துக்கு ஒரு பேட்ச் என்று வையுங்கள். மெம்செட் ஒன்று, ஈதர்_செட்டப் ஒன்று, இடம் மாற்றியது ஒன்று. ஏதாவது உடைந்தால், எந்த மாற்றத்தில் உடைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் நேரே அங்கே கொண்டுபோய் விடும். நான் இரண்டு மெம்செட்டையும் ஒரே கமிட்டில் எடுத்திருந்ததால், திருப்பும்போது கையால் பிரிக்க வேண்டியிருந்தது. "தேவையற்றதை நீக்கியது" என்று மட்டும் கமிட்டில் எழுதாதீர்கள், யார் அந்த வேலையை ஏற்கெனவே செய்கிறார்கள் என்று ஃபங்ஷன் பெயரோடு எழுதுங்கள்.

உங்கள் டிரைவர் கர்னல் மூலத்திலேயே இருப்பது என்றால், அனுப்பும் முன் நெட்டெவ் (கர்னலின் நெட்வொர்க் பிரிவு) பராமரிப்பாளர்களின் வழிகாட்டி ஆவணத்தைப் படித்துவிடுங்கள். வேறு வேலையோடு ஒட்டாத வெறும் துப்புரவு பேட்ச்களை அவர்கள் விரும்புவதில்லை என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதனால் வரும் அலைச்சல் பலனைவிட அதிகம் என்பது அவர்கள் வாதம். முப்பந்தலுக்குப் போய் வந்த எனக்கு அதில் மறுப்பில்லை. புது வசதி ஒன்றோ பிழைத் திருத்தமோ செய்யும்போது, அதற்கு முன்னோடியாகத் துப்புரவையும் வைத்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஒரு தொடரில் 15 பேட்ச்சுக்கு மேல் வேண்டாம், திருத்தி மறுபடி அனுப்புவதற்கு 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

எங்கள் டிரைவர் கர்னலுக்கு வெளியே இருப்பதால் எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஏழு பேட்ச் ஆயிற்று. தம்பி இப்போது ரெஸ்யூம் ஃபங்ஷனை எடுத்து வைத்திருக்கிறான். அங்கே பிஎச்ஒய்யை (கேபிளோடு பேசும் சிப் பகுதியை) இரண்டு தடவை ரீசெட் செய்கிறதாம். இரண்டாவதை எடுக்கட்டுமா என்று நேற்று கேட்டான். கிட் பிளேம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.